எழுதியவர் யார் என்று கேட்காத வழக்கு

1994 ஜூன் 15-ஆம் தேதி தமிழ்நாட்டின் சிறைத்துறை ஐ.ஜி. ஒரு வாரப் பத்திரிகை ஆசிரியருக்குக் கடிதம் எழுதினார். உங்கள் இதழில் வரும் தொடரை அந்தக் கைதி எழுதவில்லை. அவர் பெயரில் வேறு யாரோ எழுதியிருக்கிறார்கள். மரண தண்டனைக் கைதியின் பெயரில் இப்படி எழுதுவது சிறை விதிகளுக்கு விரோதம். நிறுத்தாவிட்டால் சட்ட நடவடிக்கை வரும். கடிதத்தின் சாரம் இதுதான். பத்திரிகை நக்கீரன், ஆசிரியர் கோபால் என்கிற ஆர். ராஜகோபால். கைதி, சேலம் மத்திய சிறையில் இருந்த ஆட்டோ சங்கர்.

இந்தக் கடிதத்தை எதிர்த்து உச்ச நீதிமன்றத்துக்குப் போனதுதான் ‘ஆர். ராஜகோபால் எதிர் தமிழ்நாடு அரசு’ வழக்கு. தீர்ப்புத் தொகுப்பான எஸ்.சி.சி.யின் 1994-ஆம் ஆண்டு ஆறாவது தொகுதி, 632-ஆம் பக்கம். சட்டக் கல்லூரி மாணவர்கள் இதை அந்தரங்க உரிமை வழக்கு என்று படிக்கிறார்கள். பத்திரிகைக்காரர்கள் தங்கள் சுதந்திரத்துக்கான வழக்கு என்று கொண்டாடுகிறார்கள். இரண்டும் சரிதான். என் மனத்தில் அது வேறு விதமாகத் தங்கியிருக்கிறது. அடிப்படையில் அது ஒரு கையெழுத்துப் பிரதியைப் பற்றிய வழக்கு. முந்நூறு பக்கத்தை எழுதிய கை யாருடையது என்ற கேள்வியில் தொடங்கி, அந்தக் கேள்விக்குப் பதில் தேடாமலே முடிந்த வழக்கு.

அதில் எனக்கு வக்காலத்து கிடையாது. அப்போது நான் வேலூரில் ஒரு சீனியரிடம் ஜூனியர். ஊர் ஒடுகத்தூர். வெள்ளிக்கிழமை ஆட்டுச்சந்தைக்குப் பேர்போன ஊர். ஜவ்வாது மலையடிவாரத்து ஆடெல்லாம் சந்தைக்கு வரும். ஆட்டின் தோல் பிறகு ஆம்பூர், பேரணாம்பட்டு, வாணியம்பாடி என்று டேனரிகளுக்குப் போகும். எங்கள் மாவட்டத்துக்கு அன்றைக்கு வடாற்காடு அம்பேத்கர் மாவட்டம் என்று பெயர். எங்கள் பக்கத்து வக்கீல்களிடம் உச்ச நீதிமன்றம் என்று சொன்னால் பாலாற்றில் கலந்த தோல் கழிவு வழக்குதான் பேச்சு. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்து 1996 ஆகஸ்டில் தீர்ப்பான வழக்கு அது. அதற்கு இரண்டு வருஷம் முந்தியே இன்னொரு தீர்ப்பும் எங்கள் மண்ணைத் தொட்டுத்தான் வந்தது. கௌரி சங்கர் என்கிற ஆட்டோ சங்கர் பிறந்தது காங்கேயநல்லூர். வேலூரிலிருந்து பாலாற்றைத் தாண்டினால் வந்துவிடும். கிருபானந்த வாரியார் பிறந்த ஊர். அதனால் அந்தத் தொடருக்கான விளம்பரம் வந்த வாரம் எங்கள் ஊர் டீக்கடைகளில் அதைப் பற்றித்தான் பேச்சு. நம்ம பக்கத்து ஆளு, யார் யார் பேரை எழுதியிருக்கானோ என்று ஆளாளுக்கு ஒரு பட்டியல் சொன்னார்கள்.

குற்றங்களைப் பற்றி விரித்து எழுத எனக்கு விருப்பமில்லை. எண்பதுகளின் கடைசியில் சென்னை திருவான்மியூரில் சாராயம், விபசாரம் என்று வளர்ந்த கும்பல், ஆறு கொலைகள், புதைத்தும் எரித்தும் மறைக்கப்பட்ட உடல்கள். 1990-இல் சென்னை மத்திய சிறையிலிருந்து தப்பி, ஒரிசாவில் பிடிபட்டார். 1991 மே 31-இல் செங்கல்பட்டு அமர்வு நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. 1992 ஜூலை 17-இல் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 1994 ஏப்ரல் 5-இல் உச்ச நீதிமன்றம் மேல்முறையீட்டைத் தள்ளியது. பாக்கியிருந்தது ஜனாதிபதியிடம் போட்ட கருணை மனு ஒன்றுதான். கொலையுண்டவர்களின் குடும்பங்களை நினைத்தால் அந்தத் தண்டனைக்காக யாரும் கண்ணீர் விட வேண்டியதில்லை. நான் பேச வந்தது தண்டனையைப் பற்றியல்ல.

பிரதியின் கதையைப் பத்திரிகை தன் மனுவில் இப்படிச் சொன்னது. 1991-இல் செங்கல்பட்டு கிளைச் சிறையில் இருந்தபோது சங்கர் தன் வாழ்க்கையை முந்நூறு பக்கத்துக்கு எழுதினார். சிறை அதிகாரிகளுக்குத் தெரிந்தே, அவர்கள் சம்மதத்தோடே, அதைத் தன் மனைவியிடம் கொடுத்தார். மனைவி வழியாக அது அவருடைய வக்கீலிடம் போனது. நக்கீரனில் வர வேண்டும் என்று அவரே வக்கீலைக் கேட்டுக்கொண்டார். ஐ.ஏ.எஸ்., ஐ.பி.எஸ். அதிகாரிகள் பலரோடு தனக்கிருந்த நெருக்கத்தை அதில் எழுதியிருந்தார். சிலர் குற்றங்களில் கூட்டாளிகள் என்றும் எழுதியிருந்தார். அவர் வீட்டுப் புதுமனைப் புகுவிழாவுக்கு அதிகாரிகள் வந்ததற்கு வீடியோவும் போட்டோக்களும் இருக்கின்றன என்றும் மனு சொன்னது. 1994 மே 21 தேதியிட்ட இதழில் தொடர் வரப்போகிறது என்று அறிவிப்பு வந்ததும் காவல்துறையிலும் சிறைத்துறையிலும் பதற்றம் பற்றிக்கொண்டது. கைதியை அடித்துத் துன்புறுத்தி, என் கதையைப் போடாதீர்கள் என்று அவர் கையாலேயே கடிதம் வாங்கிவிட்டார்கள். இவ்வளவும் மனுதாரர் தரப்பு.

அரசுத் தரப்பு எல்லாவற்றையும் மறுத்தது. அவர் எதையும் எழுதவில்லை, தான் எழுதவில்லை என்று அவரே சொல்லிவிட்டார். மனைவியிடம் கொடுத்தார் என்பது பொய். வக்கீலுக்குப் பவர் பத்திரம் எழுதிக் கொடுத்தார் என்பதும் பொய். கைதி அப்படி எழுதிக் கொடுத்தால் சிறை அதிகாரி முன்னிலையில்தான் கொடுத்திருக்க முடியும், பதிவேட்டில் அப்படி ஏதும் இல்லை.

இரண்டு தரப்பும் கைதியின் கையெழுத்தைத்தான் தமக்குச் சாட்சியாக நிறுத்தின. முந்நூறு பக்கமும் அவர் எழுதியது என்று ஒருவர். நான் எழுதவில்லை என்ற கடிதம்தான் அவர் எழுதியது என்று மற்றவர். இரண்டில் ஒன்று இன்னொருவர் சொல்ல எழுதியது, அல்லது இன்னொருவர் வற்புறுத்த எழுதியது. பெயருக்குப் பின்னால் மறைந்திருந்து எழுதியவர் பத்திரிகை ஆபீசில் இருந்தாரா, சிறைக்குள் இருந்தாரா? வழக்கின் உயிர் இந்தக் கேள்வியில்தான் இருந்தது என்று அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன்.

இந்த மாதிரிக் கேள்வி ஒன்றும் நீதிமன்றங்களுக்குப் புதிதல்ல. எனக்கே பின்னாளில் ஒன்று வந்தது. எங்கள் ஊர்ப் பக்கத்து ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர். ஆம்பூர்ப் பக்கம் டேனரி வைத்திருந்த பெரியவர் ஒருவருக்கு அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதிக் கொடுத்திருந்தார். தோல் மண்டியில் கணக்கெழுதிய காலம் முதல் ஏற்றுமதி வரை பெரியவர் சொல்லச் சொல்ல இவர் நோட்டில் எழுதுவார். புத்தகம் வந்தபோது அட்டையில் பெரியவர் பெயர் மட்டும். முன்னுரையில்கூட இவர் இல்லை. பேசிய பணத்திலும் பாதி வரவில்லை. “வக்கீல் சார், காசு போனா போகுது. ஒவ்வொரு வரியும் நான் எழுதினதுங்க. என் பேரனுக்கு அந்தப் புத்தகத்தைக் காட்டி இது தாத்தா எழுதினதுன்னு சொல்ல முடியலீங்க” என்றார்.

சட்டம் அவர் பக்கம்தான் இருந்தது, அது அவருக்குத் தெரியவில்லை. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவுப்படி எழுதியவரே முதல் உரிமையாளர். சம்பளத்துக்கு வேலையில் இருப்பவர் வேலையின் பகுதியாக எழுதினால் கதை வேறு. இவர் யாருடைய வேலைக்காரரும் அல்ல. உரிமையை மாற்றிக் கொடுப்பதென்றால் 19-ஆவது பிரிவு கையொப்பமிட்ட எழுத்தைக் கேட்கிறது, இங்கே வாய்ப்பேச்சுதான். உரிமையையே விற்றுவிட்டால்கூட இதை எழுதியவன் நான் என்று சொல்லிக்கொள்ளும் உரிமை 57-ஆவது பிரிவில் தனியாக நிற்கிறது. சாட்சிக்கு அவருடைய நோட்டுகள் இருந்தன. அடித்தல், திருத்தல், ஓரத்தில் ‘இதை அவரிடம் மறுபடி கேட்க வேண்டும்’ என்ற குறிப்பு, ஒரே பத்தியை மூன்று விதமாக எழுதிப் பார்த்த தடம். படியெடுத்து எழுதியவன் நோட்டில் இவை இருக்காது. நோட்டீஸ் போனதும் எதிர்த்தரப்பு வக்கீல் நோட்டுகளைப் பார்க்க வந்தார். ஒரு மணி நேரம் புரட்டிவிட்டு, சமாதானத்துக்கு வழி பார்க்கலாம் என்றார். மீதிப் பணம் வந்தது, மறுபதிப்பில் ‘எழுத்தாக்கம்’ என்று ஆசிரியரின் பெயரும் வந்தது.

கையெழுத்தையும் பிரதியையும் வைத்து எழுதியவரைக் கண்டுபிடிக்க வழியுண்டு என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். அன்றிருந்த சாட்சியச் சட்டத்தின் 45-ஆவது பிரிவு கையெழுத்து நிபுணரின் கருத்தை ஏற்றது. 47-ஆவது பிரிவு அந்தக் கையெழுத்தைப் பழகி அறிந்தவரின் சாட்சியத்தை ஏற்றது. 73-ஆவது பிரிவில் நீதிமன்றமே ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தது. புதிய சட்டத்தில் எண்கள் மாறியிருக்கின்றன, வழி மாறவில்லை. ஒரு சிறைக் கைதியின் கையெழுத்துக்குப் பஞ்சம் ஏது? மனுக்கள், வக்காலத்து, உறவினருக்கு எழுதிய கடிதம், எல்லாம் இருந்திருக்கும். முந்நூறு பக்கத்தை அவற்றோடு வைத்துப் பார்த்திருந்தால் ஒரு பதில் கிடைத்திருக்கும்.

உச்ச நீதிமன்றம் அந்த வழியில் போகவில்லை. நீதிபதிகள் பி.பி. ஜீவன் ரெட்டியும் எஸ்.சி. சென்னும் 1994 அக்டோபர் 7-இல் தந்த தீர்ப்பு முதலில் ஒன்றைக் கவனிக்கிறது: ஆட்டோ சங்கர் இந்த மனுவில் தரப்பினர் இல்லை. அவர் மனைவியும் இல்லை, அவர் வக்கீலும் இல்லை. எழுதினாரா, வெளியிடச் சொன்னாரா என்பதில் அவர்கள் தரப்பு என்ன என்று எங்களுக்குத் தெரியாது. எனவே அவர் எழுதவும் இல்லை, அனுமதி தரவும் இல்லை என்றே வைத்துக்கொண்டு மேலே போகிறோம் என்றது நீதிமன்றம்.

பத்திரிகைக்கு மிக மோசமான நிலையை எடுத்துக்கொண்டு, அதிலிருந்தே பத்திரிகைக்குச் சாதகமான தீர்ப்பைக் கட்டியதுதான் இதன் பலம். தான் தனியாக விடப்பட வேண்டும் என்று கேட்கும் உரிமை ஒவ்வொரு குடிமகனுக்கும் உண்டு, அது அரசியலமைப்பின் உறுப்பு 21-க்குள் அடக்கம். ஒருவருடைய வாழ்வு, குடும்பம், திருமணம் பற்றி அவர் சம்மதமில்லாமல் எழுதினால் எழுதியவர் பொறுப்பேற்க வேண்டும். ஆனால் நீதிமன்ற ஆவணம் முதலான பொது ஆவணங்களில் இருப்பதை எழுத எவர் சம்மதமும் வேண்டாம். பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவர்களின் பெயர் போன்றவை மட்டும் இதற்கு விலக்கு. அரசு ஊழியர் தன் கடமை சம்பந்தமாக விமர்சிக்கப்பட்டால், எழுதியவர் உண்மையைப் பற்றி அக்கறையே இல்லாமல் எழுதினார் என்று காட்டாதவரை நஷ்ட ஈடு கேட்க முடியாது. அரசுக்கோ அதிகாரிகளுக்கோ அச்சாகும் முன்பே தடுக்க அதிகாரம் இல்லை. அவதூறு என்றால் வெளிவந்த பின் வழக்குப் போட்டுக்கொள்ளலாம். அமெரிக்காவின் 1964-ஆம் வருஷத்து சல்லிவன் தீர்ப்பையும், இங்கிலாந்தின் டெர்பிஷயர் கவுண்டி தீர்ப்பையும் துணைக்கு எடுத்து, ஒரு தமிழ் வாரப் பத்திரிகையின் மனுவில் இவ்வளவையும் நிலைநாட்டினார்கள்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் மூன்றாவது கேள்விக்கான பதில். கைதி உள்ளே இருக்கிறார், அவரால் வழக்காட முடியாது, எனவே அவர் மானத்தைக் காக்க நாங்கள் அவர் சார்பில் தடுக்கிறோம் என்று சிறை அதிகாரிகள் வர முடியுமா? அவர் உங்களைக் கேட்டுக்கொண்டதாகவோ அதிகாரம் கொடுத்ததாகவோ நீங்களே சொல்லவில்லையே, அப்புறம் அவர் உரிமையை நீங்கள் எப்படித் தூக்கிக்கொண்டு வருகிறீர்கள் என்று நீதிமன்றம் அந்த வாதத்தை ஒதுக்கியது. அந்த எஸ்.சி.சி. தொகுதி எங்கள் நூலகத்துக்கு வந்ததும் இந்தப் பகுதியைச் சீனியரிடம் வாசித்துக் காட்டினேன். அவர் கேட்டுவிட்டு, “சரிப்பா, அந்த ஆளையே யாராவது கேட்டாங்களா?” என்றார்.

யாரும் கேட்கவில்லை. உறுப்பு 32-இன் கீழ் நேரடியாக வரும் ரிட் மனுவில் சாட்சியைக் கூண்டிலேற்றி விசாரிப்பது வழக்கமில்லை, சர்ச்சைக்குரிய உண்மைகளை நீதிமன்றம் பெரும்பாலும் தொடுவதில்லை என்பது நான் அறிந்ததுதான். ஆனால் அதே உச்ச நீதிமன்றம் சுனில் பத்ரா என்ற கைதி எழுதிய ஒரு கடிதத்தையே மனுவாக எடுத்துக்கொண்டு, திகார் சிறைக்குள் போய்ப் பார்த்துவர வக்கீல்களை அனுப்பியிருக்கிறது. நீதிபதி கிருஷ்ணய்யர் எழுதிய அந்தத் தீர்ப்பு 1979 டிசம்பரில் வந்தது. 1983-இல் பந்துவா முக்தி மோர்ச்சா வழக்கில், உண்மையை விசாரித்து அறிக்கை தர ஆணையர்களை நியமிக்க உறுப்பு 32 இடம் கொடுக்கிறது என்றும் சொல்லியாகிவிட்டது. சேலத்துக்கு ஒரு வக்கீலை அனுப்பி, சிறை அதிகாரிகள் யாரும் அருகில் இல்லாமல் அந்த மனிதரை உட்காரவைத்து, இது நீ எழுதியதா, அந்தக் கடிதத்தை உன்னை எழுதவைத்தது யார் என்று கேட்க ஒரே ஒரு உத்தரவு போதும்.

சட்டத்திலும் இடமிருந்தது. 1965-இல் பிரபாகர் பாண்டுரங் சங்ஸ்கிரி வழக்கு. பம்பாய்ச் சிறையில் தடுப்புக் காவலில் இருந்தவர் அணு விஞ்ஞானம் பற்றி மராத்தியில் ஒரு புத்தகம் எழுதினார். அச்சுக்குக் கொடுக்க அதைத் தன் மனைவிக்கு அனுப்ப அனுமதி கேட்டார், அரசு மறுத்தது. உச்ச நீதிமன்றம் அந்த மறுப்பு செல்லாது என்றது. கைதி, கையெழுத்துப் பிரதி, மனைவி, பதிப்பு: நான்கும் சங்கர் வழக்கிலும் இருந்தன. அவர் எழுதியதுதான் என்று நிலைநாட்டப்பட்டிருந்தால், பத்திரிகையின் உரிமையோடு கைதியின் எழுதும் உரிமையையும் இந்த நாடு மறுபடி பேசியிருக்கும். மரண தண்டனை பெற்றவனும் தன் கதையைத் தன் வாயால் சொல்லலாம் என்று ஒரு வரி கிடைத்திருக்கும்.

அதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று உண்டு. அந்தப் பக்கங்களில் அதிகாரிகளின் பெயர்கள் இருந்ததாகச் சொன்னார்கள். குற்றத்தில் பங்காளியின் வாக்கை ஆதாரம் இல்லாமல் நம்பக்கூடாது என்பது சரியான விதி. தூக்குக்குப் போகிறவன் பழி தீர்க்க யார் பெயரை வேண்டுமானாலும் எழுதலாம் என்ற எச்சரிக்கையும் சரி. அந்த அதிகாரிகள் நிரபராதிகளாக இருந்தால், ஒரு கொலைகாரன் பெயரில் வந்த எழுத்தின் கறை அவர்கள்மேல் துடைக்கப்படாமல் நின்றுவிட்டது. குற்றவாளிகளாக இருந்தால், அவர்களைக் குறுக்கு விசாரணை செய்ய ஏதுவாக இருந்த ஒரே சாட்சி கைவிடப்பட்டார். எழுதியவர் யார் என்பது தெரிந்தால்தான் எழுதியதைச் சோதிக்க முடியும். தீர்ப்பு பத்திரிகையை விடுவித்தது. பிரதியில் இருந்ததைச் சோதிக்கும் வேலையை யாருக்கும் கொடுக்கவில்லை.

அந்தத் தீர்ப்பின் பயனை நான் குறைத்துச் சொல்லவில்லை. 2017-இல் ஒன்பது நீதிபதிகள் புட்டசாமி வழக்கில் அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்று அறிவித்தபோது ராஜகோபால் தீர்ப்பு அவர்கள் முன் இருந்தது. வேலூரிலும் ஆம்பூரிலும் சின்னப் பத்திரிகை நடத்துகிறவர்களுக்கு மிரட்டல் நோட்டீஸ் வந்தால் இன்றும் அதைத்தான் பதிலில் எழுதுகிறேன். 2019-இல் சங்கரின் கதை வெப் தொடராகவே வந்துவிட்டது.

சங்கர் 1995 ஏப்ரல் 27-இல் சேலம் சிறையில் தூக்கிலிடப்பட்டார். தீர்ப்புக்கும் தூக்குக்கும் இடையே 6 மாதம் 20 நாள். நிபுணரிடம் அனுப்பவும், வாக்குமூலம் வாங்கவும், பெயர் சொல்லப்பட்ட அதிகாரிகளுக்கு நோட்டீஸ் அனுப்பிப் பதில் கேட்கவும் அவ்வளவு காலம் தாராளமாகப் போதும். என்னிடம் வரும் ஜூனியர்கள் இந்தத் தீர்ப்பை மேற்கோள் காட்டும்போது, கடைசியில் வரும் விதிகளோடு நிறுத்தாமல், கைதி தரப்பினராகச் சேர்க்கப்படவில்லை என்று சொல்லும் இடத்தையும் படிக்கச் சொல்கிறேன். உங்கள் வழக்கில் இப்படி ஒருவர் வெளியே நின்றால், மனு எண் விழுவதற்கு முன்பே அவரைத் தரப்பினராகச் சேர்த்துவிடுங்கள் என்றும் சொல்கிறேன்.